ஆல்டோவும் கம்பம்மெட்டு மலையும்: ஏழு வருடக் கிளட்ச் அனுபவம்

எனக்கு ஊர் தேனி மாவட்டம் கம்பம். ஏலக்காய் வியாபாரம் என்பதால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலையேறியே ஆக வேண்டும். கேரளாவில் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு என்றால் கம்பம்மெட்டு மலைப்பாதை, எல்லையில் இருக்கும் குமுளியில் வேலை என்றால் லோயர் கேம்ப் வழியாக ஏறும் மலைப்பாதை. 2018இல் 38,000 கிலோமீட்டர் ஓடிய 2014 மாடல் ஆல்டோ 800 ஒன்றை வாங்கினேன், ஏழு வருடம் கழித்து மீட்டர் 1,12,000 காட்டுகிறது. மைலேஜ், ஏசி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கியர் வண்டியை உலுக்காமல் ஓட்ட எனக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

லைசென்ஸ் எடுத்தது சமவெளியில். சொல்லிக் கொடுத்தவர் 'கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா விடு' என்று ஒரே பாட்டாகப் பாடுவார். நானும் முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகவே விட்டேன், எட்டாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட்டை, அதாவது இன்ஜின் சுழற்சியைக் கியர் பக்கம் கடத்துகிற தகட்டை, தின்று தீர்த்தேன்.

பிளேட்டின் கதை முடிந்தது அந்த வருட சபரிமலை சீசனில். கூட்டம் அதிகமானால் மேலே போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குவார்கள். முன்னால் ஒரு ஐயப்பன் பஸ், அது பத்தடி நகர்ந்து நிற்கும், நானும் பத்தடி நகர்வேன், ஆனால் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பேன். அப்போது அது பெரிய திறமையாகத் தெரிந்தது. நாலாவது வளைவில் கருகிய வாடை வந்தது. பஸ்ஸிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்!

அடுத்த வாரம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. குமுளி மெக்கானிக் சேட்டன் பிளேட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார், ரிவிட் தெரியுமளவுக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. கூலியோடு 5,800 ரூபாய். 'தம்பி, கிளட்ச் சுவிட்ச்சாக்கும், ஃபேன் ரெகுலேட்டர் இல்ல' என்றார். அந்த ஒரு வரிக்கே காசு கொடுக்கலாம்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. பெடல் கீழிருந்து மேலே வருகிற தூரத்தில் நடுவில் ஓர் அங்குலம்தான் பிளேட் கடிக்கிற இடம். மெதுவாக விட வேண்டியது அங்கே மட்டும்தான். அதற்கு முன்னால் சட்டென்று வரலாம், வண்டி முழுதாகப் பிடித்த பிறகு காலை எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும், பெடல்மேல் ஓய்வாக வைத்திருந்தால் பேரிங் போகும். அந்த அங்குலத்தைத் தேடிப் பிடிக்க, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் ஓரமாக ஒரு காலி இடத்தில் பத்து நாள் விடியற்காலையில் போய், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சால் மட்டுமே வண்டியை நகர்த்திப் பழகினேன். ரப்பர் செருப்பில் ஒன்றும் தெரியவில்லை, வெறுங்காலில்தான் பிடிபட்டது. இன்றைக்கும் மலை என்றால் செருப்பு பக்கத்து சீட்டுக்குக் கீழே போய்விடும்.

மேட்டில் கிளப்புவதற்கு ஹேண்ட் பிரேக். பயிற்சியில் இதை யாரும் தொடவே விடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்ச்சை விட்டுக்கொண்டே வந்தால் இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், பானெட் லேசாகத் தூக்கும். அந்த நேரம் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஓரடிகூடப் பின்னால் போகாது. என் வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, எல்லாம் காதுதான்.

வளைவு விஷயம் தனி. 796 சிசி, 69 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 3,500 ஆர்பிஎம்மில்தான் முழுதாகக் கிடைக்கும். நாலு பேரும் இரண்டு ஏலக்காய் மூட்டையும் இருந்தால், இன்ஜின் சுற்று குறைந்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் திணறும். வளைவுக்குள் போய் முக்கிக்கொண்டு கியரைத் தேடுவது என் பழைய பழக்கம், அங்கேதான் எல்லோர் தலையும் ஆடும். நேரான ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, தேவையான கியரைப் போட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டபிறகு திருப்பினால் வண்டி எண்ணெய் விட்டதுபோலப் போகும். இன்னொன்று, ஏறும்போது இடப்பக்கக் கொண்டை ஊசியில் நாம் உள்பக்கம் மாட்டுவோம், செங்குத்தாக இருக்கும், ஆல்டோவுக்கு முதல் கியர்தான். வலப்பக்க வளைவில் வெளிவட்டம் அகலம், இரண்டாவதே போதும். இது தெரியாமல் ஒரு வருடம் எல்லா வளைவுக்கும் ஒரே கியர் போட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் இந்த இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் அணையாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதற்கே பெட்ரோல் குடிக்கும். சரி, பெட்ரோல் கிடக்கட்டும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? நான் இரண்டாவதிலேயே இறங்குகிறேன். பின்னால் வருகிற தோட்டத்து ஜீப்காரர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவேன், அவர் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்.

மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வரும் ஜெர்க் போகத்தான் ரொம்ப நாளானது, மூன்று வருடம் இருக்கும். கிளட்ச் மிதித்திருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு விட வேண்டும். எவ்வளவு தட்டு என்று எழுதிக் காட்ட முடியாது. மாமியாருக்கு மலையேறினாலே வாந்தி வரும், எலுமிச்சம்பழமும் கையுமாகத்தான் உட்காருவார். போன வருடம் கம்பம்மெட்டு செக்போஸ்ட் வந்ததும் 'மாப்ள, இன்னும் மல ஏறலையா?' என்று கேட்டார். அவர் தூங்கிவிட்டிருந்தார் என்று மனைவி சொல்கிறாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது கிளட்ச் செட் போட்டு 66,000 கிலோமீட்டர் ஆகிறது, இன்னும் அதுதான் ஓடுகிறது. ரிவர்ஸில் மேடேற்றுவது மட்டும் இன்றுவரை சரியாக வரவில்லை. குமுளியில் சரக்கு இறக்குகிற கடை சரிவில் இருக்கிறது, கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கையும் காதையும் கவனிப்பதற்குள் அதே பழைய வாடை வந்துவிடும், எதிர் டீக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.