ஈஸ்வரியின் அறுபதுகள்: பழைய றெக்கோட்டில் கேட்டால்

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டினால் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு நிச்சயம். அவரின் 1960களின் சினிமாப் பாட்டுகளைத்தான் யாரும் தேடுவதில்லை. 1966இல் வேதாவின் இசையில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’: குரலிலேயே ஒரு கள்ளச் சிரிப்பு. 1969இன் ‘பட்டத்து ராணி’ இன்னும் விசித்திரம், சாட்டையடிக்கு நடுவே பாடுகிறார். அதைப் பென்டிரைவுக்கு மாற்றும்போது கீறல் நீக்கும் மென்பொருளைக் கூட்டி வைத்தால் சாட்டைச் சத்தத்தையும் கீறலென்று மழுக்கிவிடும். குறைத்தே வையுங்கள், கொஞ்சம் பொரிந்தால் பரவாயில்லை.

வன்னிச் செம்புழுதி றெக்கோட் தட்டின் வரிகளில் இறுகியிருக்கும். காய்ந்த துணி கீறும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் வரி ஓடும் திசையில் துடையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட் ஆகவே ஆகாது, கரைந்துவிடும். அதற்கு அகல ஊசியும் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழ் படுக்கையாக அடுக்காதீர்கள், வளையும்.