காம்ப்ரஸர் ஏஎம்சியோடு வரும் ரிமோட் கண்காணிப்பு: காசுக்குத் தகுமா?

ஏர் காம்ப்ரஸர் தயாரிக்கும் கோவை எல்ஜியின் ‘ஏர் அலர்ட்’, அட்லஸ் காப்கோவின் ‘ஸ்மார்ட்லிங்க்’ எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மெஷினை இயக்கும் கன்ட்ரோலர் ஏற்கெனவே அளந்துவைத்திருப்பதை கிளவுடுக்கு அனுப்பிப் போனில் காட்டுகின்றன. இந்தப் பெட்டியைவிட அதோடு வரும் ஆண்டு சர்வீஸ் ஒப்பந்தத்தைத்தான் (ஏஎம்சி) கூர்ந்து படிக்க வேண்டும்.

பழைய மெஷினில் மாட்டும்போதே தகராறு தொடங்கும். கன்ட்ரோலரையும் பெட்டியையும் இணைக்கும் ஆர்எஸ்-485 டேட்டா ஒயரில் ஏ, பி முனைகள் மாறினால் டேட்டா வராது. மோட்டார் கேபிளை ஒட்டி இழுத்தால் விட்டுவிட்டு வரும். ஷீல்டு கேபிள் போட்டுத் தள்ளி இழுக்கவும். தகரக் கொட்டகைக்குள் சிம் சிக்னல் நிற்காது, ஆன்டெனா வெளியே இருக்கட்டும்.

பலன் அதிகம் தருவது டிஸ்சார்ஜ் வெப்பநிலை, அதாவது அழுத்தப்பட்டு வெளிவரும் காற்றின் வெப்பநிலை வரைபடம். ஸ்க்ரூ மெஷினில் 80 முதல் 95 டிகிரி வரை இயல்பு. 110 வாக்கில் டிரிப் ஆகித் தானே நின்றுவிடும். வெளி வெப்பம் மாறாமலே சில வாரங்களில் 5, 6 டிகிரி ஏறினால் பெரும்பாலும் கூலரில் தூசு, பஞ்சு அடைப்பு. ஊதிவிட்டால் போதும். மே மாதத்தில் ஷிஃப்ட் நடுவே மெஷின் நிற்காது.

அடுத்தது அன்லோடு நேரம். 37 கிலோவாட் மெஷின் காற்றே தராமல் சும்மா ஓடும்போதும் சுமார் 12 கிலோவாட் இழுக்கும். ஆண்டுக்கு 2,400 மணி நேரம் அப்படி ஓடினால் 28,800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2.3 லட்சம். அழுத்த வரைபடத்தையும் பார்த்து, தேவைக்கு மேல் இருந்தால் 1 பார் குறைத்தாலே மின்சாரத்தில் 6, 7 சதவீதம் மிச்சம்.

கசிவு மட்டும் இதன் கண்ணுக்குத் தெரியாது; பல மெஷின்களில் காற்றின் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டரே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வால்வையும் திறந்தே வைத்து, கருவிகளை மட்டும் நிறுத்திவிட்டு காம்ப்ரஸரை ஓட்டுங்கள். ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்றால் கசிவு மெஷினின் திறனில் 25 சதவீதம். இதற்கு எந்தச் சந்தாவும் வேண்டாம்!

கைசரின் ‘சிக்மா ஏர் யூட்டிலிட்டி’ ஒரு படி மேலே போய், மெஷினைத் தானே வைத்துக்கொண்டு கனமீட்டர் கணக்கில் காற்றை விற்கிறது. ரிமோட் டேட்டா இல்லாமல் இந்த வியாபாரம் கட்டுப்படியாகாது. இந்த மாதிரி ஒப்பந்தத்தில் பராமரிப்பு அவர்கள் தலைவலி. ஆனால் உங்கள் பைப்பில் கசியும் காற்றுக்கும் பில் உங்களுக்குத்தான்.

சாதாரண ஏஎம்சியில் அலர்ட் டீலருக்குப் போகிறது, அவருக்கோ ஸ்பேர் விற்றால்தான் லாபம். அதனால் காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரை 4,000 மணி நேரக் கணக்கில் மாற்றுவார்களா, அழுத்த வித்தியாசம் 0.8 பார் தாண்டினால் மாற்றுவார்களா என்று எழுதி வாங்குங்கள். அலர்ட் வந்து எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், முதல் ஆண்டுக்குப் பின் சிம் கட்டணம் யாருடையது, ஒப்பந்தம் முடிந்தால் பழைய டேட்டா கைக்கு வருமா என்பவையும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு, மூன்று மெஷின் மாறிமாறி ஓடும் ஆலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு 11 கிலோவாட் மெஷின்தான் என்றால், தினம் ஒருமுறை டிஸ்பிளேயைப் பார்த்து நோட்டில் எழுத ஒரு ஆள் போதும்.