ஜாங்கோ மைக்ரேஷன்: படிக்காமல் விட்ட இரண்டாவது வரி

“ஒவ்வொரு மைக்ரேஷனுக்கும் எஸ்கியூஎல்லை எடுத்துப் படிக்கிறீர்களே, அது இன்னும் தேவையா?” என்று நண்பர் கேட்டார். ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்; மைக்ரேஷன் அதில் தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பு; எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு ஆணையிடும் மொழி. நள்ளிரவு வரை ஒரு தளத்தைச் சரிசெய்துவிட்டு வந்திருந்த நாள் அது. பதிலில் கோபம் கலந்துவிட்டது. நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

2014-இல் 1.7 பதிப்புடன் மைக்ரேஷன் ஜாங்கோவின் பகுதியானதிலிருந்து எஸ்கியூஎல்மைக்ரேட் கட்டளை என் அன்றாடத் துணை. ஒரு மைக்ரேஷன் தரவுத்தளத்துக்கு அனுப்பப்போகும் எஸ்கியூஎல்லை, அதை ஓட்டாமலே காட்டும் கட்டளை இது. அட்டவணையை விவரிக்கும் பைத்தான் நிரலான மாடலில், ஒரு புலத்துக்கான தெரிவுகளைச் சொல்லும் ‘சாய்சஸ்’ பட்டியலை மட்டும் மாற்றினால் மைக்ரேஷன் கோப்பு உருவாகும். கட்டளையோ ‘நோ-ஆப்’ என்று காட்டும். தரவுத்தளத்தில் எதுவும் நடக்காது என்று தெரிந்ததும் வருகிற நிம்மதிக்கு ஈடில்லை.

என் கோபமெல்லாம் இயல்பு மதிப்பின் மீதுதான், அதாவது ஒரு புலத்துக்கு மதிப்பு எதுவும் தராதபோது தானாக நிரம்பும் ‘டிஃபால்ட்’ மீது. ஆர்டர் அட்டவணையில் வெறுமையாக இருக்கக் கூடாத ஒரு புலத்தை, இயல்பு மதிப்பு கொடுத்துச் சேர்த்தேன். தளம் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஜாங்கோ 4.2 எழுதியவை இரண்டு வரிகள். முதல் வரி, டிஃபால்ட்டுடன் புலத்தைச் சேர்க்கிறது. அடுத்த வரி அந்த டிஃபால்ட்டை நீக்கிவிடுகிறது! முதல் வரியைப் பார்த்த திருப்தியில் நான் அடுத்ததைப் படிக்கவில்லை. மைக்ரேஷன் முடிந்தது, பழைய நிரல் இன்னும் சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தது. புதிய புலத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அது பதிய முயன்ற ஒவ்வொரு ஆர்டரையும் போஸ்ட்கிரெஸ் நிராகரித்தது. டிஃபால்ட்டை நானே கையால் திரும்ப வைத்த பிறகுதான் ஆர்டர்கள் பதிவாகத் தொடங்கின.

ஜாங்கோவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இயல்பு மதிப்பு ஒரு பைத்தான் செயற்கூறாகவும் இருக்கலாம். அதைத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்க வழியில்லை. ஆனால் வெறும் பூஜ்யத்தையும் ஒரு சொல்லையும்கூட ஏன் பறிக்க வேண்டும்? மைக்ரேஷனை உருவாக்கும்போதே ஓர் எச்சரிக்கை தரலாமே! 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0-இல்தான் ‘டிபி_டிஃபால்ட்’ கிடைத்தது. அதைக் கொடுத்தால் மதிப்பு தரவுத்தளத்திலேயே தங்குகிறது. மைக்ரேஷன் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து!

இன்னொன்று: மடிக்கணினியில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைத்து எஸ்கியூஎல்மைக்ரேட் கட்டளையை ஓட்டிவிட்டு நம்பாதீர்கள். அது போஸ்ட்கிரெஸுக்கான எஸ்கியூஎல் அல்ல. பைத்தானில் எழுதிய தரவு மாற்றங்களுக்கோ ஒரு குறிப்பு வரி மட்டுமே வரும்.

இவ்வளவு தெளிவாகத் தன் வேலையைக் காட்டுகிற வேறொரு கருவி என்னிடம் இல்லை. ஆனாலும் புதிய பணிக்கு ஜாங்கோவை எடுக்கலாமா என்று நண்பர் அடுத்துக் கேட்டபோது, வேண்டாம் என்றுதான் சொன்னேன்.