புகை வரும் நேரத்தில் கரண்ட் இருக்காது: ரங்கூன் வீட்டில் ஒரு குட்டி ஏர் பியூரிஃபையர்

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று கணக்குப் போட முடியாது. ரங்கூன் டவுன்டவுன், இருபதாம் தெரு, மூன்றாம் மாடி. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே பன்னிரண்டரை அடி அகல, ஐம்பது அடி நீள ரயில்பெட்டி வீடு. முன்னால் பால்கனி, பின்னால் சமையல்கட்டு, நடுவில் பலகை அடித்துத் தடுத்த இரண்டு அறைகள். காற்று முன்பக்கம் நுழைந்தால் பின்பக்கம் போக வேண்டும், வேறு வழி கிடையாது. பக்கத்துத் தெரு பத்தொன்பதாம் தெரு. சாயங்காலமானால் கரி அடுப்பை வரிசையாக வைத்து மீன், கறி, வெண்டைக்காய், காளான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் குச்சியில் குத்திச் சுடுகிற தெரு அது. பீர் குடிக்க வருகிறவர்களுக்கு அது வாசனை, எங்களுக்குப் புகை.

உள்ளேயும் சும்மா இருப்பதில்லை. அப்பாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டு வேண்டும். அப்பத்தாவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் தூபக்காலில் கங்கு போட்டு வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் சாம்பிராணி காட்ட வேண்டும். கரண்ட் போய் ஃபேன் நின்றால் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துகிற ஆள் நான். போதாக்குறைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஙாப்பி வறுவல், அதாவது புளித்த மீன் விழுது. மகளுக்கு ஏழு வயது. பிப்ரவரி பிறந்தால் இருமல் தொடங்கி, மே மாதம் மழை விழுந்த பிறகுதான் நிற்கும். அந்த மூன்று மாதமும் ஊரைச் சுற்றி வயல் தாளையும் குப்பையையும் கொளுத்துவார்கள், காலையில் பால்கனியில் நின்றால் வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். 2018 ஏப்ரலில் லைங்தாயா பக்கத்துத் தெய்ன்பின் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்ததே, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இந்த வருஷம் டாக்டர், "குழந்தை படுக்கிற அறையையாவது சுத்தமாக வையுங்கள்" என்றார். அன்றைக்குத்தான் ஏர் பியூரிஃபையர் வாங்குவது என்று முடிவானது.

வாங்கியது சின்னது. ஓவல்டின் டப்பா இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் சாட் (பர்மாக் காசு). பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே பெட்டி நான்கு பெயரில் நான்கு கடையில் இருக்கிறது. உள்ளே உருளையாக ஒரு ஃபில்டர்: வெளியே வலை, அதற்குள் மடிப்பு மடிப்பாக, நுண்துகளைப் பிடிக்கிற ஹெப்பா தாள், அதற்கும் உள்ளே கறுப்பாக மெல்லிய கார்பன் பஞ்சு. அடியில் இழுத்து மேலே விடுகிறது. முன்னால் ஒரு விளக்கு, நீலம் என்றால் நல்ல காற்று, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம். ஒரு அனுபவஸ்தன் பேச்சாக இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்கியதும் அடிமூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், ஃபில்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். நான் அந்த உறையோடு மூன்று நாள் ஓட்டிவிட்டு "அடடா, காற்று எவ்வளவு லேசாக இருக்கிறது" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, வேலை செய்கிறதா? படுக்கையறையில் செய்கிறது. இது என் மூக்கு சொல்வது இல்லை. மேல் மாடி அண்ணன் ஒரு கையடக்கத் துகள் மீட்டர் வைத்திருக்கிறார், அதைக் கடன் வாங்கினேன். பத்துக்குப் பதினொன்று அறை, கதவு ஜன்னல் சாத்தி, கொசுவர்த்திச் சுருளில் ஒரு துண்டைக் கொளுத்தி அணைத்ததும் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள் அளவு, கன மீட்டருக்கு 212 மைக்ரோகிராம் காட்டியது. மெஷினை வேகத்தின் உச்சத்தில் வைத்தோம், நாற்பது நிமிஷத்தில் 40க்கு வந்தது. மறுநாள் அதே துண்டு, அதே அறை, மெஷின் இல்லாமல்: நாற்பது நிமிஷம் கழித்தும் 130க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஒரு நாள் அளவு 15தான், ஆகவே 40 ஒன்றும் கொண்டாடுகிற எண் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் மார்ச் மாதம் ஜன்னலைத் திறந்தால் அதைவிட மோசமான காற்றுதான் உள்ளே வரும்.

இதையே ஹாலில் வைத்தால் ஒன்றும் நடக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர், அதாவது மெஷின் தரும் சுத்தக் காற்றின் அளவு, மணிக்கு 70 கன மீட்டர். அறையின் காற்று 28 கன மீட்டர், அதாவது மணிக்கு இரண்டரை முறை வடிகட்டிவிடும். ஹால் எனக்கு 88 கன மீட்டர் இருக்கும், அங்கே ஒரு முறைகூட முழுசாகச் சுற்றாது. புகைக்கு மணிக்கு ஐந்து முறையாவது சுற்ற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு, அப்படிப் பார்த்தால் ஹாலுக்கு 440 வேண்டும். பெட்டியில் "40 சதுர மீட்டர் வரை" என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். அந்தப் பரப்பில் இதை வைப்பது காவிரியை டம்ளரால் இறைக்கிற கதை.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது எங்கள் வீட்டில் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிட்டது. முதல் வாரம் மெஷின் ஹாலில்தான் இருந்தது. அப்பா சுருட்டைப் பற்றவைத்தார், சிவப்பு. அப்பத்தா, "பாத்தியாடா, நான் நாப்பது வருஷமா சொன்னா கேட்டியா" என்றார். வெள்ளிக்கிழமை அப்பத்தா தூபக்காலோடு வந்தார், இரண்டு கெஜம் தள்ளி நிற்கும்போதே சிவப்பு, ஃபேன் விமானம் மாதிரி இரைந்தது. இப்போது குத்திக்காட்டுவது அப்பாவின் முறை. அப்பத்தா விடவில்லை: "சாமிக்குப் போட்ட புகையை இது ஏன் குடிக்குது? அணைடா அத." அணைத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மெஷினுக்கு ஒரு மணி நேரம் லீவு. அப்பா மட்டும் யாரும் கேட்காமலே பால்கனிக்குப் போய்விட்டார். டாக்டரும் நானும் மனைவியும் சொல்லி நடக்காததை அந்தச் சிவப்பு விளக்கு நடத்தியது, வாங்கிய காசில் பாதி அதற்கே சரியாகிவிட்டது.

ஆனால் அந்த விளக்கு ஒரு அரைக்குருடு. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த ஆவிக்குச் சிவப்பாகிறது, ஙாப்பி நாற்றம் வீட்டைத் தூக்குகிறபோது நீலமாகச் சிரிக்கிறது. உள்ளே இருப்பது துகளைப் பார்க்கிற சென்சார், ஒரு சின்ன ஒளிக்கதிரின் குறுக்கே எது மிதந்தாலும் எண்ணும், நீர்த்துளியையும் சேர்த்து. நாற்றம் என்பது வாயு. அது அதன் கண்ணுக்குத் தெரியாது.

நாற்றத்தில்தான் இந்தப் பெட்டி எனக்கு ஏமாற்றம். "புகை, சமையல் வாசனை, செல்லப்பிராணி வாசனை, எல்லாம் போகும்" என்று கடையில் சொன்னார்கள். புகை போகிறது. ஹெப்பா தாளில் சுருட்டுப்புகையின் துகள் மாட்டிக்கொள்ளும், வாயு மூலக்கூறு அதைவிடப் பல நூறு மடங்கு சின்னது, நேராகக் கடந்து போய்விடும். அதைப் பிடிக்க வேண்டியது கரி, அதாவது கார்பன். இதில் இருக்கும் கார்பன் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப் அளவு கனம்கூட இல்லை. முதல் இரண்டு வாரம் கருவாடு வறுத்தால் ஒரு மணி நேரத்தில் அறை தெளிந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் வாரம் தாண்டியதும் வித்தியாசமே தெரியவில்லை. ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டு, துணி மூன்று நாளாகியும் காயாத ஈரத்தில், மெஷினைப் போட்டால் அதிலிருந்தே நனைந்த சாக்கு நாற்றம். குடித்த வாசனையையெல்லாம் ஈரம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது. நாற்றம்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்த அளவு பெட்டியை வாங்காதீர்கள், சமையல்கட்டு ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். நாங்களும் கடைசியில் அதைத்தான் செய்தோம், விலையும் இதில் மூன்றில் ஒரு பங்கு. காற்றில் மின்னூட்டம் ஏற்றிவிடுகிற அயன் பட்டன் ஒன்றும் இருக்கிறது. அமுக்கினால் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு காரமான வாசனை வரும், அது ஓசோன், இருமுகிற குழந்தை அறையில் அது எதற்கு? தொடுவதே இல்லை.

நாற்றத்தைப் போக்கப் போய் இன்னொரு விபத்தும் நடந்தது. ஃபில்டர் நாறுகிறது என்று நான் சொன்னதைக் கேட்ட அத்தை, நான் வேலைக்குப் போயிருந்தபோது அதைக் கழற்றிச் சோப்புப் போட்டு ஊறவைத்து, துணி பிரஷால் தேய்த்து, பால்கனிக் கொடியில் மகளின் யூனிஃபார்முக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். "எவ்வளவு அழுக்கு தெரியுமா தம்பி, மூணு தண்ணி மாத்துனேன்" என்று பெருமையாகச் சொன்னவரிடம் என்ன பேசுவது? வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. மாட்டி மீட்டரை வைத்துப் பார்த்தால் மணிக்கணக்கில் ஓடியும் எண் இறங்கவில்லை. இந்த மாதிரித் தாள்களில் பலவற்றின் நூலில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் துகளில் பாதியை இழுத்துப் பிடிப்பது, சோப்புத் தண்ணீரில் அது போய்விடும், மடிப்பும் தளர்ந்து ஓரத்தில் சந்து விழுந்திருந்தது. வெளிவலையை வேண்டுமானால் காய்ந்த பிரஷால் தட்டலாம், அவ்வளவுதான். புது ஃபில்டர் நாற்பத்தைந்தாயிரம் சாட். அதையும் விற்ற கடையிலேயே கேட்டால் "ஸ்டாக் இல்லை, ரெண்டு மாசம் ஆகும்". வேறு கடையில், வேறு பிராண்ட் பெயர் போட்ட உறையில், அச்சு அசலாக அதே உருளை கிடைத்தது. ஆகவே மெஷினை வாங்கும்போதே ஒரு ஃபில்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இனிதான் உண்மையான பிரச்சினை. கரண்ட்.

மெஷின் 18 வாட்தான் இழுக்கிறது, பல்ப் மாதிரி. ஆனால் இந்த ஊரில் புகையும் கரண்டும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. கரண்ட் இருக்கும்போது நாங்கள் எல்லாரும் ரைஸ் குக்கர், கரண்ட் அடுப்பு. கரண்ட் போன நிமிஷமே மொத்தத் தெருவும் கரி அடுப்பை மூட்டும், கீழே கடைக்காரர்கள் நடைபாதையில் ஜெனரேட்டரை உதைத்துக் கிளப்புவார்கள், அந்த டீசல் புகை நேராக ஏறி எங்கள் பால்கனிக்குள் நுழையும், கொசு வரும், நான் சுருளைக் கொளுத்துவேன். வீட்டில் எல்லாப் புகையும் ஒன்றுகூடிய அந்த நேரம் பார்த்து மெஷின் செத்துக் கிடக்கும். அப்புறம் "மீ லா பி!" (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருவே கத்தும், ஜெனரேட்டர் நிற்கும், அடுப்பு அணையும், காற்றும் மெல்லத் தெளியும், அப்போது மெஷின் ஓடத் தயார்.

இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் 100 ஆம்பியர் ஈய பேட்டரி, பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது சுமார் 600 வாட்-மணி. எட்டு மணி நேரம் இந்த மெஷின் ஓடினால் 144 போகும், கிட்டத்தட்ட கால் பங்கு. மிச்சத்தில் ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, வைஃபை பெட்டி. இழுத்துப் பிடித்தால் முடியும். கடைசியில் நான் செய்தது, கரண்ட் போனதும் முதல் வேலையாக மகள் அறையின் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, மெஷினை இன்வெர்ட்டரில் நடுவேகத்தில் விடுவது. கொசுவர்த்தியை அந்த அறையில் நிறுத்திவிட்டோம், கொசுவலைதான். இருமல் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமுவது குறைந்திருக்கிறது.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். கரி அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடை இந்தப் பெட்டி பிடிக்காது. ஹெப்பாவும் பிடிக்காது, கார்பன் பஞ்சும் பிடிக்காது, நிறமும் வாசனையும் இல்லாத வாயு அது, விளக்கு நீலமாகவே இருக்கும், ஆள் தூக்கத்திலேயே போய்விடுவான். பியூரிஃபையர் இருக்கிறதே என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அடுப்பு எரிகிற இடத்தில் ஜன்னல் திறந்துதான் இருக்க வேண்டும். தூபக்காலில் மிஞ்சிய தணலையும் ராத்திரி படுக்கும் முன் பால்கனியில் கொண்டுபோய் வைக்கிறோம்.

கரண்ட் விஷயத்திலேயே இன்னொரு எரிச்சல். மேலே இருப்பது தொடுபட்டன், ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடாது, எழுந்து போய் விரலால் தொட வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு இது பெரிய குறை: ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வரும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கும். எங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தும், அது மாறுகிற ஒரு நொடித் தடுமாற்றத்திலேயே மெஷின் அணைந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்க சும்மா நின்றிருக்கும். இந்த ஒரு பட்டனுக்காகவே ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன்.

போன வாரம் அப்பத்தா அறைக்கு இன்னொன்று வாங்கப் போனேன், ஆமாம், அப்பத்தாவேதான் கேட்டார், சாம்பிராணி நேரத்தில் அணைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தத் தடவை பக்கவாட்டில் திருகுகிற குமிழ் வைத்த மாடல். கடையில் பிளக்கைச் சொருகச் சொன்னேன், குமிழைத் திருகினேன், ஓடியது. பிளக்கைப் பிடுங்கினேன், பத்து எண்ணினேன், திரும்பச் சொருகினேன். தானாக ஓடியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இன்றைக்கு இப்படிப் பிடுங்கிப் பார்த்த நாலாவது ஆள் நீங்கள்" என்றார். விலையில் மட்டும் ஒரு சாட் குறைக்கவில்லை.