அமெரிக்க கேமராவும் 13-ஆம் சேனலும்

இந்த முறை ஊருக்குப் போனபோது இணைய வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஃபைபர் இணைப்பு, படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. வாடிக்கையாளர் சேவைதான் பொறுமையைச் சோதித்தது.

அம்மா அப்பாவுக்காக அமெரிக்காவிலிருந்து வாங்கிப் போன வைஃபை கேமரா இணையவே இல்லை. ஆப் காட்டும் கியூஆர் குறியீட்டைப் படிக்கும், கொஞ்ச நேரம் விளக்கு மினுக்கும், அப்புறம் தோல்வி என்று சொல்லிவிடும். "ஃபோன்ல நெட் வருதே, இதுக்கு மட்டும் என்னவாம்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

சேவை எண்ணை அழைத்தால் ஒரே பல்லவி: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார். போட்டாயிற்று. அடுத்து, "உங்க கேமராதான் ஃபால்ட்" என்று முடித்துவிட்டார்கள்.

அது உண்மையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைத்து, இன்னொரு ஃபோனிலுள்ள ஆப் வழியாகக் கேமராவை அதில் இணைத்துப் பார்ப்பது. சட்டென்று இணைந்துவிட்டது. ஆக, கேமராவில் பழுதில்லை. ரவுட்டர் பக்கம்தான் ஏதோ.

மறுநாள் வந்த டெக்னீஷியன் தம்பி விவரமானவர். பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பிடிபடாது என்பதால் முதலில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பல கருவிகள் முரண்டு பிடிக்கும், இங்கே டபிள்யூபிஏ2தான். அப்படியும் இணையவில்லை. "சார், இது எந்த ஊர்ல வாங்கினது?" என்று கேட்டுவிட்டு, ரவுட்டர் அமைப்பில் சேனல் பக்கத்தைத் திறந்தார். சேனல் என்பது ஓர் அலைவரிசைக்குள் எண்ணிட்டுப் பிரித்த தடம். சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும்படி விடப்பட்டிருந்த ரவுட்டர் 13-இல் போய் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பெரும்பாலும் 1 முதல் 11 வரைதான் தேடும். வேறு பல நாடுகளில் 13 வரை உண்டு. அதனால் கேமராவைப் பொறுத்தவரை அந்த வீட்டில் வைஃபையே இல்லை! 6-இல் நிறுத்தி வைத்தார். உடனே படம் வந்துவிட்டது. ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டும் பயனில்லாமல் போனது இதனால்தான். ஒவ்வொரு முறையும் அது 13-க்கே திரும்பியிருக்க வேண்டும்.

ஃபோனில் பேசுகிறவர்களுக்குக் கையில் கொடுத்த காகிதத்தைத் தாண்டி எதுவும் தெரியாது, அவர்களைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி நேரடியாகக் கேட்பதுதான் வழி.

கிளம்புமுன் டெக்னீஷியன் தம்பி சொன்ன யோசனையையும் செய்துவிட்டேன். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. நாளைக்கு ரவுட்டரையே மாற்றினாலும், அதே பெயர், அதே கடவுச்சொல், 11-க்குள் ஒரு சேனல் என்று வைத்தால் கேமரா தானாக இணைந்துகொள்ளும். அப்பா ஆப்பைத் தொடவே வேண்டாம்.