ஸ்டட் மாற்றியாச்சு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்: பிறை டயர் கடை அனுபவம்

பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. புகார் நடக்கிறது.

என்னுடையது பழைய பெரோடுவா மைவி கார். முன் டயர் இரண்டையும் மாற்ற விட்டேன். பையன் நட்டு கழற்றும் ஏர் கன்னை வைத்து அழுத்தியதும் இடது பக்கம் ஒரு ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரைத் தண்டு) படக்கென்று முறிந்தது. முதலாளி ஓடி வந்து, "தம்பி, இந்தப் பக்கம் எல்லாமே செத்துப்போச்சு. நாலையும் மாத்திடுறேன், ஒரிஜினல் சாமான்" என்றார். ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 160 ரிங்கிட். பக்கத்தில் நின்று பார்க்கவும் விடவில்லை. "இன்சூரன்ஸ் பிரச்சினை, உள்ளே உட்காருங்க" என்று கையில் மைலோவைத் திணித்துவிட்டார்கள். பழைய ஸ்டட்டைக் கேட்டேன். "பழைய இரும்பு உங்களுக்கு எதுக்குண்ணே?" என்றான் பையன். ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒரே வார்த்தைதான்.

சில நாள் கழித்து வேலைக்காகத் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ் கிளம்பினேன். டோலுக்காக வேகத்தைக் குறைத்தபோது முன்னால் டக் டக்கென்று சத்தம், ஸ்டீரிங்கிலும் ஆட்டம். டோலைத் தாண்டி ஓரங்கட்டிப் பார்த்தால், ஒரு நட்டு விரலால் சுற்றினாலே சுற்றுகிறது. இன்னொன்று கோணலாக நிற்கிறது. சக்கரத்துக்கு மொத்தமே நாலு நட்டு. அடுத்தது நடுக்கடலில் பாலம்.

தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் ரிம், டிஸ்க் எல்லாம் கழற்றிக் காட்டினார். நாலில் இரண்டுதான் புதுசு! மற்ற இரண்டும் துருப்பிடித்த பழைய ஸ்டட். அதில் ஒன்றில் நட்டைக் கையால் சுற்றினார். பாதி வரை போய் இறுகி நின்றது. "ஏர் கன்ல அடிச்சு அடிச்சு ஸ்டட் இழுத்துக்கிச்சு. மரை நீண்டுட்டா நட்டு இப்படித்தான் நிக்கும்" என்றார்.

புதுசு இரண்டின் கதை இன்னும் மோசம். ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக இருக்கும். அது ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஓட்டைக்குள் இறுகிப் போய், தலை பின்பக்கம் ஒட்டி உட்கார வேண்டும். இங்கே டார்ச் அடித்துப் பார்த்தால், தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் டோல் கட்டும் டச் அன் கோ அட்டை நுழைகிற அளவு இடைவெளி. ரிம்மை மாட்டி ஏர் கன்னாலேயே ஸ்டட்டை இழுத்திருக்கிறார்கள். கன் நின்றதும் இறுகிவிட்டது என்று விட்டிருக்கிறார்கள். வண்டி ஓட ஓட ஸ்டட் மீதி தூரம் உள்ளே போகும், நட்டு தானாகத் தளரும். அந்தக் கோணல் நட்டு வேறு 1.25 மரை, அதாவது மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். மைவிக்கு 12 மில்லிமீட்டர் தடிமன் ஸ்டட்டில் 1.5 மரை. மரையில் கிரீஸும் பூசி வைத்திருந்தார்கள். கிரீஸ் இருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும்.

போர்மேன் நாலையும் தட்டி எடுத்துப் புதுசு போட்டார். வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டால், கை ஸ்பானரில் தலை ஒட்டும் வரை இழுத்தார். அந்த நட்டைக் குப்பையில் போட்டுவிட்டார். சக்கர நட்டுகளைக் கையால் தொடங்கி, குறுக்காக மாற்றி மாற்றி முடுக்கி, ஜேக்கை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பானர்) சுமார் 100 நியூட்டன் மீட்டருக்கு வைத்தார். நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப வரச்சொல்லிச் சரிபார்த்தார். பொறுமையான வேலை, ஆனால் பெரிய வித்தையில்லை.

கடைக்குத் திரும்பப் போனால் பதில் என்ன தெரியுமா? "வெளியில யாரோ கை வெச்சிருக்காங்க." பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதலாம் பாரம் (கோரிக்கைப் படிவம்) கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். போர்மேன் எடுத்த படங்களும் அந்த 1.25 நட்டும் ஆதாரமாகக் கையில் இருக்கின்றன. நீங்களும் பிறையில் அண்மையில் ஸ்டட் மாற்றியிருந்தால், இந்த வாரமே ரிம்மைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இதே கதை என்றால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.