ஆளைக் காலி செய்வதா, ஆளோடு சேர்த்து வீட்டை விற்பதா?

என் சித்தப்பாவுக்கு மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. அதில் குடியிருப்பவர் அட்வான்ஸில் கழித்தது போகவே ஏழு மாத வாடகை பாக்கி வைத்திருக்கிறார். முதலில் வேலை போய்விட்டது என்றார், அப்புறம் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார், அட்வான்ஸும் கரைந்த பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. கேஸ் போட்டுக் காலி செய்யச் சொல்கிறது ஒன்று. கோர்ட் வாசல் மிதிக்கவே வேண்டாம், வந்த விலைக்கு ஆளோடு விற்றுத் தொலை என்கிறது இன்னொன்று.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வீட்டின் மதிப்பு 70 லட்சம், வாடகை 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிற வீடு, அதுவும் வாடகை தராத ஆள் என்றால், வாங்க வருகிறவர் பத்து சதவீதமாவது குறைத்துத்தான் கேட்பார். அதாவது 7 லட்சம், கிட்டத்தட்ட 39 மாத வாடகை. மறுபக்கம், கேஸ் இரண்டு வருஷம் இழுத்தாலும் போகிற வாடகை 4,32,000, வக்கீல் செலவு ஒரு லட்சம், காலியான பிறகு பெயிண்ட், பிளம்பிங் என்று ஓர் அறுபதாயிரம். மொத்தம் ஆறு லட்சத்துக்குள் முடிகிறது, வீடும் கையில் இருக்கிறது. எல்லாம் என் அனுமானக் கணக்குதான், உங்கள் ஏரியாவுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சென்னையில் வீட்டு விலைக்கும் வாடகைக்கும் இருக்கிற தூரத்தில், விலையில் விடுகிற பத்து சதவீதம் என்பது வருஷக்கணக்கான வாடகை என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

சரி, காலி செய்வது என்றால் என்ன? 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் வாடகைக்காரரை அசைக்கவே முடியாது என்று தாத்தா காலத்துக் கதைகளைக் கேட்டுப் பயந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஸ்டாம்ப் பேப்பரில் அடித்த 11 மாத அக்ரிமெண்ட், அதுவும் காலாவதியானது. அதனால் கேஸே நிற்காது என்று சிலர் கை கழுவிவிடுகிறார்கள், அது தவறு. இரு தரப்பும் முறைப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை என்பதே இந்தச் சட்டத்தில் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம். ஆனால் பாக்கியை நிரூபிக்க வேண்டுமென்றால் வாடகை பேங்க் கணக்கிலோ ஜிபேயிலோ வந்திருக்க வேண்டும். மாசாமாசம் கையில் ரொக்கமாக வாங்கிய ஓனர்களின் பாடு இங்கேதான் திண்டாட்டம்.

செய்யவே கூடாதது, தண்ணீரை நிறுத்துவது, கரண்ட்டைப் பிடுங்குவது, ஆள் வெளியே போனதும் பூட்டை மாற்றுவது. சட்டப்படி குற்றம் உங்கள் மேல் வந்துவிடும், அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்திருந்தாலும். போலீஸுக்குப் போனால் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

கேஸில் அலுப்பான பகுதி தீர்ப்புக்குப் பிறகு வருகிறது. மேல்முறையீடு, அதற்கு மேலே ஹைகோர்ட், பிறகு தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு ஒரு மனு, கோர்ட் ஊழியரான அமீனா வந்து கதவைத் தட்டுவதற்குள் சலித்துவிடும். வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒற்றை வாடகையே தராதவரிடம் இரட்டிப்பை எங்கே போய் வசூலிப்பது?

விற்பதற்கு வருவோம். குடியிருப்பவர் இருக்கும்போது வீட்டை விற்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை, அவர் சம்மதமும் தேவையில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி வாங்குகிறவர் உங்கள் இடத்துக்கு வந்துவிடுவார், வாடகைக்காரர் அப்படியே தொடர்வார். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கி மட்டும், தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழிய, புது ஓனருக்குப் போகாது, அதைத் துரத்த வேண்டியது நீங்கள்தான். அட்வான்ஸ் மிச்சம் இருந்தால் யார் திருப்பித் தருவது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

காகிதத்தில் இவ்வளவு எளிது. நடைமுறையில் வீட்டைக் காட்ட வேண்டுமே, சாவி யாரிடம் இருக்கிறது? சித்தப்பா ஒருமுறை ப்ரோக்கரோடு ஒரு குடும்பத்தை அனுப்பினார். குடியிருப்பவர் கதவைத் திறந்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பாத்ரூம் ஒழுகுகிறது, மழைக்காலத்தில் பார்க்கிங்கில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், அசோசியேஷனில் தினமும் சண்டை என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினார். பார்க்கிங் தண்ணீர் உண்மைதான், அது வேறு விஷயம். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் மதிப்பீட்டாளர் உள்ளே வந்து பார்க்க வேண்டும், அதற்கும் அந்தக் கதவுதான். கடைசியில் மிஞ்சுவது ரொக்கத்தோடு வருகிற முதலீட்டாளர்கள். அவர்களுக்கு உங்கள் கஷ்டத்தின் விலை நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, பத்திரம் எழுதுகிறவர்கள் வழக்கமாக "சொத்தை இன்று தங்கள் வசம் காலியாக ஒப்படைத்துவிட்டேன்" என்கிற மாதிரி ஒரு வரியை அடித்துவிடுவார்கள். ஆள் உள்ளே இருக்கும்போது அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வாங்கியவர் உங்கள் மேல் கேஸ் போடுவார். ஒரு கேஸைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதேபோல் பையனுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யக் கேஸ் போட்டுவிட்டு, அதே வீட்டை ஆன்லைனில் விற்பனைக்குப் போடுகிற புத்திசாலிகளும் உண்டு. எதிர் வக்கீலுக்கு அந்த விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று போதும்.

வரி விற்பதில் மட்டும்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கியது என்றால் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஆளோடு விற்பது சரியாக வருகிற இடங்களும் இருக்கின்றன. கடை என்றால் கதையே வேறு. ஒழுங்காக வாடகை வருகிற கடையை "வாடகை வருமானத்தோடு" என்று விளம்பரம் செய்துதான் விற்கிறார்கள், ஆள் இருப்பது அங்கே கூடுதல் தகுதி. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் தலைமுறையாக ஒருவர் சொற்ப வாடகையில் இருக்கிற பழைய வீடு என்றால், அவருக்கே விற்பது எத்தனையோ மேல். வீடு காட்ட வேண்டாம், காலி செய்ய வேண்டாம், கொஞ்சம் விலை குறைந்தாலும் நிம்மதி. அண்ணன் தம்பிகள் நாலு பேருக்குப் பங்கு இருந்து, இரண்டு பேர் வெளிநாட்டில் என்றாலும் விற்பதுதான் நடக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் யார் போவது? மடிப்பாக்கத்து ஃப்ளாட் இதில் எதிலும் சேராது. வாடகைக்கே வழியில்லாதவர் வீடு வாங்கப் போவதில்லை.

அதனால் என் ஓட்டு காலி செய்வதற்குத்தான், ஆனால் கேஸில் தொடங்கச் சொல்ல மாட்டேன். ஏழு மாத பாக்கி 1,26,000. அதைத் தள்ளுபடி செய்து, கையில் 50,000 கொடுத்தால்கூட 1,76,000தான் ஆகிறது. மேலே போட்ட இரண்டு கணக்கையும் விட இது எவ்வளவோ குறைவு. இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று எழுதி வாங்க வேண்டும், பணம் சாவி கைக்கு வந்த பிறகுதான், அதற்கு முன் பைசா கிடையாது. கூடவே வக்கீல் நோட்டீஸும் போய்விட வேண்டும், அது இல்லாமல் பேசினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும்.

இதைச் சொன்னதற்கு "என் வீட்டைக் காலி பண்ண நானே காசு கொடுக்கணுமா?" என்று சித்தப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நோட்டீஸ் போன வாரம் போயிருக்கிறது. இதற்கிடையில் சித்தி, சித்தப்பாவுக்குத் தெரியாமல், குடியிருப்பவரின் மனைவியிடம் போனில் லாரி வாடகை எவ்வளவு ஆகும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.